மசாலாப் பொருள் ரத்தக்கட்டியைக் கரைக்கிறதா? ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

பூண்டு ரத்தக்கட்டியைக் கரைக்கும், இஞ்சி கரைக்கும், பட்டை கரைக்கும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். கல்லூரி ஆய்வுத் திட்டத்துக்கு இதையே தலைப்பாக எடுக்கும் மாணவர்கள் நிறைய. நல்ல தலைப்புதான். கருவிகள் அதிகம் வேண்டாம், ஒரே நாளில் முடிவு தெரிந்துவிடும். ஆனால் கையில் கிடைக்கும் எண்ணை நம்பலாமா என்று தீர்மானிக்க நிறையக் கவனம் வேண்டும். இந்தக் கட்டுரை, உயிர்வேதியியல் அல்லது மருந்தியல் ஆய்வகத்தில் முதன்முறையாக இந்தச் சோதனையைச் செய்யப் போகிறவர்களுக்கானது. வீட்டில் செய்து பார்ப்பதற்கான வேலை அல்ல இது.

முதலில் கேள்வியைச் சரிசெய்யுங்கள்

"ரத்தத்தை நீர்க்க வைக்கும்" என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பது முதலாவது. ஆஸ்பிரின் செய்வது இதைத்தான். ரத்தம் உறையும் வேதிச் சங்கிலியைத் தடுப்பது இரண்டாவது. ஹெப்பாரினும் வார்ஃபரினும் இந்த வகை. ஏற்கெனவே உருவாகிவிட்ட கட்டியைக் கரைப்பது மூன்றாவது. அதற்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ், யூரோகைனேஸ், ஆல்டிப்ளேஸ் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

கட்டி உருவாகும்போது, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைத் திராம்பின் என்ற நொதி வெட்டி ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. இழைகள் வலையாகப் பின்னிச் சிவப்பணுக்களைச் சிறைபிடிக்கின்றன. இந்த வலையை வெட்டும் நொதி பிளாஸ்மின். அது பிளாஸ்மினோஜன் என்ற செயலற்ற வடிவில் ரத்தத்திலேயே இருக்கிறது, கட்டிக்குள்ளும் மாட்டியிருக்கிறது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் நேராக ஃபைப்ரினைத் தொடுவதில்லை. பிளாஸ்மினோஜனைத் தட்டியெழுப்பி அதனிடம் வேலை வாங்குகிறது.

பூண்டைப் பற்றியும் இஞ்சியைப் பற்றியும் படிக்கக் கிடைக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. பூண்டிலிருந்து உண்டாகும் அஜோயீன், இஞ்சியின் ஜிஞ்சரால்கள் ஆகியவை சோதனைக் குழாயில் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கின்றன. அதை மேற்கோள் காட்டிவிட்டு மூன்றாம் வகைச் சோதனையைச் செய்தால், அறிமுகம் ஒரு கேள்வியைக் கேட்கும், முடிவு வேறொன்றுக்குப் பதில் சொல்லும். எந்த வகையைச் சோதிக்கிறோம் என்பதை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இனி இந்தக் கட்டுரை பேசுவது மூன்றாவதைப் பற்றி மட்டுமே.

அனுமதியும் பாதுகாப்பும்

மனித ரத்தம் எடுப்பதானால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். அது வரும்வரை ஊசியைத் தொடக்கூடாது. கொடையாளர் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவம் பெற வேண்டும். ரத்தத்தைப் பயிற்சி பெற்றவர்தான் எடுக்க வேண்டும். நண்பர்கள் ஒருவருக்கொருவர் எடுத்துக்கொள்வதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள்.

கொடையாளர்கள் ஆரோக்கியமானவர்களாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ கருத்தடை மாத்திரையோ எடுக்காதவர்களாக இருக்க வேண்டும். ஆஸ்பிரின் எடுத்திருந்தால் குறைந்தது 10 நாள் போகட்டும். தட்டணுவின் ஆயுளே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால் பழைய பாதிப்பு அதற்குள் நீங்கிவிடும். ஆய்வுக்காக யாரும் தானாகவே மருந்தை நிறுத்தக்கூடாது. மருந்து எடுப்பவரை விட்டுவிட்டு வேறொருவரைத் தேடுங்கள்.

எல்லா ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே நினைத்துக் கையாள வேண்டும். கையுறை, கண்ணாடி, மேலங்கி, ஊசிகளைப் போட உறுதியான பெட்டி, சிந்தினால் துடைக்க அன்றன்று கலந்த பிளீச்சிங் கரைசல் எல்லாம் மேசையில் இருக்கட்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர் இந்த மேசைக்கு வர வேண்டாம்.

விலங்கு ரத்தத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பயன்படுத்தலாம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மாட்டின் பிளாஸ்மினோஜனை ஸ்ட்ரெப்டோகைனேஸ் எழுப்பாது. மாட்டு ரத்தத்தில் ஸ்ட்ரெப்டோகைனேஸை ஊற்றிவிட்டு "மருந்து கெட்டுப்போயிருக்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கே யூரோகைனேஸைப் பயன்படுத்துங்கள்.

சாறு தயாரித்தல்

செடியைத் தாவரவியலாளர் ஒருவரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்து, காய வைத்த மாதிரி ஒன்றைத் துறையில் ஒப்படைத்து எண் வாங்குங்கள். பொடியாக வாங்கிய பொருளை ஆய்வுக்கு எடுக்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. முழுப் பட்டை, முழுக் கிராம்பு, முழு மஞ்சளாக வாங்கி நீங்களே அரையுங்கள்.

நிழலில் அல்லது 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத ஆய்வக உலர்த்தும் அடுப்பில் (ஓவன்) காய வைத்துப் பொடித்து, 10 கிராம் பொடிக்கு 100 மில்லிலிட்டர் கரைப்பான் என்ற அளவில் ஊற வையுங்கள். ஒரு நாள் குலுக்கியில் வைத்து, வடிதாளில் வடித்து, கரைப்பானை நீக்கிக் காய்ந்த சாற்றை எடை போடுங்கள். நீர்ச்சாறு, எத்தனால் சாறு இரண்டையும் தனித்தனியே தயாரிப்பது நல்லது. குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது எனலாம். புரத நொதிகளோ எத்தனாலில் செயலிழந்துவிடும்.

நொதி இருக்கக்கூடிய பொருள் என்றால் சூடு காட்டாதீர்கள். அன்னாசியின் புரோமலைன், பப்பாளிப் பாலின் பபைன் போன்றவை புரதத்தை நேரடியாக வெட்டுபவை. குளிர்ந்த நீரில் அரைத்து, குளிரிலேயே வடித்து, உறையவைத்து உலர்த்த வேண்டும். பூண்டுக்கு இன்னொரு விதி. பல்லை நசுக்கிய பிறகுதான் அதிலுள்ள அலினேஸ் நொதி அல்லிசினை உண்டாக்குகிறது. முழுப் பல்லாக வேகவைத்து எடுத்த சாறும், நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து எடுத்த சாறும் வேதியியலில் வேறு வேறு பொருள்கள்.

காய்ந்த சாற்றை மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் பாஸ்பேட் உப்புக் கரைசலில் கரைத்து, pH 7.4-க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே செலுத்துங்கள். இந்த pH திருத்தத்தைச் சோம்பலில் விட்டுவிடுபவர்கள் அதிகம். அதன் விளைவைக் கீழே பாருங்கள்.

சோதனை

பலரும் பின்பற்றுவது 2006-இல் நாக்பூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட எடைமுறை. எளிமையானது, மலிவானது. வேண்டியவை: 37 டிகிரியில் நிலையாக நிற்கும் இன்குபேட்டர், 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு, மைக்ரோ சென்ட்ரிஃபியூஜ் குழாய்கள், நல்ல பிப்பெட்டுகள்.

குழாய்களுக்கு எண் எழுதி, வெற்றுக் குழாயாகவே ஒவ்வொன்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணை முதலில் எழுதுங்கள், பிறகு எடை. ஒட்டுத்தாளோ மையோ எடையில் சேர வேண்டும். ரத்தம் எடுத்த கையோடு, எந்த உறைதடுப்பானும் சேர்க்காமல், குழாய்க்கு 500 மைக்ரோலிட்டர் பிரித்து ஊற்றுங்கள். இங்கே வேகம் முக்கியம். ஒருவர் ரத்தம் எடுக்க, இன்னொருவர் பிப்பெட்டோடு தயாராக நிற்க வேண்டும். கடைசிக் குழாய்க்கு வருவதற்குள் சிரிஞ்சிலேயே உறையத் தொடங்கினால் அந்தத் தொகுப்பை விட்டுவிட்டு வேறொரு நாள் செய்யுங்கள்.

37 டிகிரியில் 45 நிமிடம். கட்டி உறைந்து, அதைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் சீரம் தேங்கியிருக்கும். இந்தச் சீரத்தை எடுப்பதில்தான் சோதனையின் பாதித் தரம் அடங்கியிருக்கிறது. குழாயைச் சாய்த்துப் பிடித்து, பிப்பெட் நுனியைச் சுவரோடு ஒட்டி இறக்கி, கட்டியைத் தொடாமல் மெதுவாக உறிஞ்சுங்கள். நிமிர்த்தி ஒரு நிமிடம் வைத்தால் கட்டிக்கு அடியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊறி வரும். அதையும் எடுங்கள். 20 மைக்ரோலிட்டர் மிச்சமிருந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 0.3 கிராம் கட்டியில் அந்தச் சின்னத் திவலையின் எடை மட்டும் கிட்டத்தட்ட 7 சதவீதம். பல செடிகளுக்குக் கிடைக்கும் "விளைவே" அவ்வளவுதான்.

இப்போது கட்டியோடு எடை போடுங்கள். பிறகு ஒவ்வொரு குழாயிலும் 100 மைக்ரோலிட்டர் சோதனைக் கரைசலைச் சேர்த்து, 37 டிகிரியில் 90 நிமிடம் வையுங்கள். குலுக்க வேண்டாம், தட்ட வேண்டாம். கடைசியில் திரவத்தை முன்பு போலவே எடுத்துவிட்டு மறுபடி எடை.

கணக்கு இப்படி. வெற்றுக் குழாய் 1.0120 கிராம், கட்டியோடு 1.3120 கிராம். ஆக, கட்டி 0.3000 கிராம். முடிவில் 1.2160 கிராம் என்றால் குறைந்தது 0.0960 கிராம். அதைக் கட்டியின் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 32 சதவீதம்.

யார் எந்தக் குழாயில் எதை ஊற்றினார் என்பது எடை போடுபவருக்குத் தெரியக்கூடாது. ஒருவர் குறியீடு கொடுக்கட்டும், இன்னொருவர் எடை போடட்டும். நல்ல முடிவு வர வேண்டுமென்ற ஆசையே கையை மாற்றும். இஞ்சிக் குழாயிலிருந்து கூடுதலாக ஒரு துளியை நம்மை அறியாமல் உறிஞ்சிவிடுவோம்.

ஒப்பீட்டுக் குழாய்கள்தான் சோதனையின் முதுகெலும்பு

32 சதவீதம் என்ற எண்ணுக்குத் தனியே எந்தப் பொருளும் இல்லை. கட்டி தானாகவே எடை குறையும். தட்டணுக்கள் வலையை இழுத்துச் சுருக்க, கட்டி மேலும் மேலும் சீரத்தைப் பிழிந்து வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இது கரைதல் அல்ல. எனவே செடிச்சாறு இல்லாமல் அதே பாஸ்பேட் உப்புக் கரைசல் மட்டும் ஊற்றிய குழாய்கள் கட்டாயம் வேண்டும். பல கட்டுரைகளில் இதற்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தியிருப்பதைப் பார்ப்பீர்கள். வெறும் நீர் சிவப்பணுக்களை உப்பச்செய்து வெடிக்க வைக்கும் என்பதால் நான் உப்புக் கரைசலையே பரிந்துரைப்பேன். எத்தனால் அல்லது டைமெத்தில் சல்ஃபாக்சைடு உதவியோடு சாற்றைக் கரைத்திருந்தால், அதே அளவு கரைப்பான் சேர்த்த குழாய் ஒன்றும் தனியே வேண்டும்.

கரைக்கும் மருந்தாக ஸ்ட்ரெப்டோகைனேஸ். 15 லட்சம் யூனிட் குப்பியில் 5 மில்லிலிட்டர் நீர் விட்டு, நுரைக்காதபடி மெதுவாக உருட்டிக் கரைத்தால், 100 மைக்ரோலிட்டரில் 30,000 யூனிட் இருக்கும். இந்தக் குழாய்களில் கட்டி நன்றாகக் கரையாவிட்டால் அன்றைய முடிவுகள் எதையும் பயன்படுத்தாதீர்கள்.

ஹெப்பாரின் ஊற்றிய குழாய் ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன். பலர் இதைச் செய்வதில்லை. உறைவதைத் தடுப்பதில் ஹெப்பாரின் வல்லது, ஆனால் உறைந்துவிட்ட கட்டியை அது வெட்டாது. உங்கள் முறையில் ஹெப்பாரினும் "கரைக்கிறது" என்று வந்தால், நீங்கள் அளப்பது கரைதலை அல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

செடிச்சாறு ஏமாற்றும் விதங்கள்

புளி, எலுமிச்சை போன்ற புளிப்புச் சாறுகளை pH திருத்தாமல் ஊற்றினால் சில நிமிடங்களில் கட்டியின் சிவப்பு மங்கிச் சாக்லேட் பழுப்பாக மாறும். அமிலம் ஹீமோகுளோபினைச் சிதைத்துவிட்டது, அவ்வளவுதான். கட்டி எடை இழந்தாலும் அதற்கும் ஃபைப்ரினுக்கும் தொடர்பில்லை. இந்த நிறமாற்றத்தைக் கண்டால் குழாயின் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பூந்திக்கொட்டை, சீயக்காய், வெந்தயம் போன்றவற்றில் சப்போனின்கள் உண்டு. அவை சிவப்பணுக்களின் சவ்வைத் துளைக்கக்கூடியவை. மேலே உள்ள திரவம் பளிச்சென்ற, ஒளி ஊடுருவும் சிவப்பாக மாறும், கட்டி மெலியும், எண் அழகாக வரும். ஆனால் வலை அப்படியே இருக்கும். சந்தேகம் தீர, கழுவிய சிவப்பணுக்களை உப்புக் கரைசலில் கலக்கி, அதில் அதே செறிவில் சாற்றை விட்டு, சுழற்றியெடுத்த தெளிந்த நீரை 540 நானோமீட்டரில் அளந்து பாருங்கள். அங்கேயே சிவப்பணுக்கள் உடைந்தால், எடைமுறை அந்தச் செடிக்குப் பொருந்தாது.

டானின் மிகுந்த கடுக்காய், மாதுளைத்தோல் இதற்கு நேர்மாறு. டானின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கட்டியைப் பதப்படுத்திவிடும். எடை குறையாது, சில நேரம் கூடக்கூடும். எதிர்மறை எண் வந்தால் அதை மறைக்காமல் அட்டவணையில் போடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. உடலுக்குள் வலுவாக வேலை செய்யும் பொருள் குழாயில் ஒன்றுமே காட்டாமல் இருக்கலாம். பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் என்ற தீவனச் செடியைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததை 1920-களில் வட அமெரிக்காவில் கண்டார்கள். அமெரிக்க உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்கின் ஆய்வுக்கூடம் பின்னர் அதற்குக் காரணமான டைகூமராலைப் பிரித்தெடுத்தது. வார்ஃபரின் அந்த வழியில் வந்ததுதான். அது கல்லீரலில் வைட்டமின் கே சுழற்சியை முடக்கி வேலை செய்கிறது. கல்லீரல் இல்லாத சோதனைக் குழாயில் வார்ஃபரினை எவ்வளவு ஊற்றினாலும் கட்டி அசையாது. ஆகவே குழாயில் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக அந்தச் செடி ரத்தத்தைப் பாதிக்காது என்று எழுதிவிடாதீர்கள்.

எத்தனை பேர், எத்தனை குழாய்

ஒரே ஒருவரின் ரத்தத்தைப் பத்துக் குழாயில் பிரித்தால் அது பத்து முடிவுகள் அல்ல, ஒரே முடிவுதான். ஒவ்வொரு கொடையாளரின் ரத்தத்திலும் எல்லாச் சாறுகளும் எல்லா ஒப்பீடுகளும் மும்மூன்று குழாய்களாக ஓடட்டும். மூன்றின் சராசரியே அந்தக் கொடையாளரின் எண். புள்ளியியலில் எண்ணிக்கை என்று போட வேண்டியது கொடையாளர்களை, குழாய்களை அல்ல. ஆளுக்கு ஆள் கட்டியின் இயல்பு நிறைய மாறும் என்பதால் அதே கொடையாளரின் உப்புக் கரைசல் குழாயோடு ஒப்பிடும் இணைச் சோதனைகளைப் பயன்படுத்துங்கள். சாற்றின் செறிவைப் பாதியாக, அதிலும் பாதியாகக் குறைத்துக்கொண்டே போய்ப் பாருங்கள். செறிவோடு விளைவும் படிப்படியாக இறங்கினால் நம்பிக்கை கூடும்.

உறுதிப்படுத்தும் சோதனை

எடைமுறையை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் தேறியதை ஃபைப்ரின் தட்டில் ஏற்றுங்கள். அஸ்ட்ரூப், முல்லர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் வகுத்த முறையிலிருந்து வந்தது இது. ஃபைப்ரினோஜனையும் திராம்பினையும் அகரோஸ் கூழில் கலந்து தட்டில் ஊற்றினால் மங்கலான ஃபைப்ரின் படலம் உறையும். அதில் சிறு குழியிட்டுச் சாற்றை விட்டு 37 டிகிரியில் வைத்தால், ஃபைப்ரின் வெட்டப்பட்ட இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும். சிவப்பணு இல்லை, ஆகவே சப்போனின் ஏமாற்று இங்கே எடுபடாது. மனித ரத்தத்துக்கு அனுமதி கிடைக்காதவர்களும் இதிலிருந்தே தொடங்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. கடையில் வாங்கும் ஃபைப்ரினோஜனில் கொஞ்சம் பிளாஸ்மினோஜன் கலந்தே இருக்கும். ஒரு தட்டை 80 டிகிரிக்கு மேல் அரை மணி நேரம் சூடாக்கினால் அந்தப் பிளாஸ்மினோஜன் செத்துவிடும். இப்போது சூடாக்கிய தட்டு, சூடாக்காத தட்டு இரண்டிலும் சாற்றை விடுங்கள். சூடாக்காததில் மட்டும் வட்டம் வந்தால் சாறு பிளாஸ்மினோஜனை எழுப்புகிறது. இரண்டிலும் வந்தால் அது நேரடியாகவே ஃபைப்ரினை வெட்டுகிறது. புரோமலைன் சேர்த்தால் இரண்டாவது வகை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்கலாம். கூடவே, சாற்றைக் கொதிக்க வைத்து ஒரு குழியில் விடுங்கள். செயல் போய்விட்டால் அது நொதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால், வாய்வழி சாப்பிடும்போது வயிற்று அமிலத்தையும் செரிமான நொதிகளையும் அது எப்படித் தாண்டும் என்ற கேள்வி உடனே எழும்.

வசதியுள்ள ஆய்வகமானால், எடைமுறையில் மிஞ்சிய திரவத்தில் டி-டைமர் அளக்கலாம். குறுக்குப் பிணைப்புள்ள ஃபைப்ரினைப் பிளாஸ்மின் வெட்டும்போதுதான் அந்தத் துண்டு வெளிவரும்.

முடிவை எழுதும்போது

"எங்கள் சாறு ஸ்ட்ரெப்டோகைனேஸின் பாதி அளவு திறன் கொண்டது" என்று எழுதும் ஆசை வரும். கணக்கைப் பாருங்கள். மாரடைப்பு நோயாளிக்குச் செலுத்தப்படும் 15 லட்சம் யூனிட், 5 லிட்டர் ரத்தத்தில் பரவினால் மில்லிலிட்டருக்கு 300 யூனிட். நம் குழாயிலோ அரை மில்லிலிட்டர் ரத்தத்தின் கட்டிக்கு 30,000 யூனிட், அதாவது மில்லிலிட்டருக்கு 60,000. மருத்துவமனை அளவைப் போல் 200 மடங்கு. அந்த மருந்துக் குழாய் உங்கள் முறை வேலை செய்கிறதா என்று காட்ட மட்டுமே இருக்கிறது, பந்தயத்துக்கு அல்ல.

சாற்றுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அரை மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 1 மில்லிகிராம் என்றால், 5 லிட்டருக்கு 10 கிராம் காய்ந்த சாறு. பொடியில் பத்தில் ஒரு பங்குதான் சாறாகத் தேறுகிறது என்று வைத்துக்கொண்டால் 100 கிராம் மசாலா. அதுவும் செரித்து அழியாமல், ஒரே நேரத்தில், முழுதாக ரத்தத்தில் கலந்தால்தான். சாப்பாட்டில் சேர்க்கும் சிட்டிகைக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

இதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள். படிக்கும் யாரோ ஒருவர் வீட்டில் பக்கவாதம் வந்த பெரியவர் இருப்பார். அடைப்பால் வரும் பக்கவாதத்தில், ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லையென்று உறுதிசெய்த பிறகு, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கட்டி கரைக்கும் மருந்து கொடுக்கிறார்கள். கஷாயம் காய்ச்சிக்கொண்டு இழக்கும் நேரம் திரும்ப வராது. வார்ஃபரின் எடுப்பவர் செடிச்சாற்று மாத்திரைகளைத் தானே சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவு ஏற்படலாம். உங்கள் தலைப்பும் சுருக்கமும் அவரை அந்தப் பக்கம் தள்ளக்கூடாது.

ஆகவே முடிவு வாக்கியம் இப்படி இருக்கட்டும்: எந்தச் செடியின் எந்தப் பகுதி, எந்தக் கரைப்பானில் எடுத்தது, என்ன செறிவில், எத்தனை கொடையாளர்களின் ரத்தத்தில், உப்புக் கரைசலை விட எத்தனை சதவீதம் கூடுதலாகக் கட்டியின் எடையைக் குறைத்தது, சிவப்பணுக்களை உடைத்ததா, ஃபைப்ரின் தட்டில் வட்டம் வந்ததா இல்லையா. மீதமுள்ள சாற்றைச் சிறு குழாய்களாகப் பிரித்து, தயாரித்த தேதியை எழுதி, மைனஸ் 20 டிகிரியில் வைத்துவிடுங்கள். கேள்வி கேட்டு வரும் அடுத்த மாணவருக்கு அது தேவைப்படும்.